ரத்து செய்யும் பட்டன் யாருக்கு உரியது?

ஒரே திரை, இரண்டு காட்சி

ஓசூர் சிப்காட் வளாகத்திலோ, சூளகிரி நெடுஞ்சாலை ஓரத்திலோ, கிருஷ்ணகிரியை அடுத்த குருபரப்பள்ளியிலோ உள்ள ஒரு தொழிற்சாலையின் டிஸ்பாட்ச் மேஜையில் வேலை பார்க்கிற எவரும் என்றேனும் ஒருநாள் கவனித்து யோசித்திருக்கக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. தாம் லாகின் செய்து திறக்கும்போது சலான் போடுவதற்கும் வண்டி எண்ணைத் திருத்துவதற்கும் மட்டும் பட்டன் காட்டிய அதே மென்பொருள், மேலாளர் வந்து அதே நாற்காலியில் அமர்ந்து தம்முடைய பெயரில் லாகின் செய்த மாத்திரத்தில், ‘ரத்து செய்’ என்றும் ‘ஒப்புதல் கொடு’ என்றும் முன்பு இல்லாத பட்டன்களைக் காட்டத் தொடங்குகிறது. கம்ப்யூட்டர் மாறவில்லை, மென்பொருள் மாறவில்லை, திறந்து கிடக்கும் சலானும் மாறவில்லை. உட்கார்ந்திருக்கிற ஆள் மட்டும் மாறியிருக்கிறார்.

இதைப் பார்க்கிறவர் மனத்தில் மூன்று கேள்விகள் எழுவது இயற்கை. வந்திருப்பவர் இன்னார் என்று இயந்திரம் எவ்வாறு அறிந்தது? அறிந்த பிறகு, இவருக்கு இது உண்டு, அவருக்கு அது இல்லை என்று எந்த ஏட்டைப் பார்த்துத் தீர்மானித்தது? மூன்றாவதாக, என் கண்ணுக்குத் தெரியாமல் போன அந்த பட்டன் உண்மையிலேயே எனக்கு இல்லாமல் போய்விட்டதா, அல்லது எங்கேயோ மறைந்திருந்து, வழி தெரிந்தவன் கைக்கு இன்றும் எட்டுமா? முதல் இரண்டும் சுவையான கேள்விகள். மூன்றாவதோ ஒரு நிறுவனத்தின் பணமும் நற்பெயரும் தொங்கிக்கொண்டிருக்கிற கேள்வி. மென்பொருள் எழுதுகிறவர்கள் பலர் முதல் இரண்டுக்கும் விடை கண்டுவிட்டு மூன்றாவதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள் என்பதே இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டிய காரணம்.

எல்லையைத் தாண்டும் நானூறு ஷாஃப்ட்

தத்துவத்தை வெறுமனே பேசிக்கொண்டு போவதைக் காட்டிலும், இந்த வட்டாரத்தில் அன்றாடம் நடக்கிற ஒரு காரியத்தைப் பிடித்துக்கொண்டு அதன் வழியே செல்வது உசிதம். ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர்தான். நடுவில் தமிழ்நாட்டின் கடைசி ஊராக ஜூஜூவாடியும், கர்நாடகத்தின் முதல் ஊராக அத்திப்பள்ளியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. 1980-ஆம் ஆண்டு வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட் தொழிற்சாலையும், அந்தப் பத்தாண்டிலேயே டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் ஓசூரில் வேரூன்றிய பிறகு, அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கிற சிறு தொழிற்கூடங்கள் எல்லைக்கோட்டின் இரு பக்கமும் பல்கிப் பெருகின. ஆகவே ஓசூரில் கடையப்படுகிற ஒரு ஷாஃப்ட், ஹீட் ட்ரீட்மென்டுக்காகப் பொம்மசந்திராவுக்குப் போய்த் திரும்புவது இங்கே வீட்டு வேலை போல நடக்கிற விஷயம்.

முன்பெல்லாம் இவ்வாறு போகும் சரக்கை வணிகவரிச் சோதனைச் சாவடியில் நிறுத்தித் தாளைப் பார்த்து அனுப்புவார்கள். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்ததும் அந்தச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல், மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்குக்கு இ-வே பில் என்னும் மின்வழிச்சீட்டு கட்டாயமாயிற்று. சாவடி சாலையை விட்டுக் கம்ப்யூட்டருக்குள் குடியேறிவிட்டது என்றே சொல்லலாம். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் இந்தச் சீட்டு வேண்டும் என்பது பொது விதி. ஆனால் இவ்வாறு வேலை செய்து வாங்குவதற்காக, அதாவது ஜாப் ஒர்க்குக்காக, வேறு மாநிலத்துக்கு அனுப்புகிற சரக்குக்கு மதிப்பு எவ்வளவாயினும் சீட்டு வேண்டும் என்று விதியிலேயே தனிக் குறிப்பு இருப்பதால், முப்பதாயிரம் ரூபாய் மதிப்புள்ள நானூறு ஷாஃப்டை ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன வண்டி ஜூஜூவாடியைக் கடக்கவேண்டுமானால், பன்னிரண்டு இலக்க எண்ணோடு கூடிய இ-வே பில் ஒன்று அதற்கு முன்பே பிறந்திருக்க வேண்டும்.

இந்தப் பில்லின் மீது என்னென்ன காரியங்கள் செய்யலாம்? புதிதாக உண்டாக்கலாம், வண்டி பழுதாகி வேறு வண்டியில் சரக்கை மாற்றினால் வண்டி எண்ணைப் புதுப்பிக்கலாம், பிறர் நம் பெயருக்கு அனுப்பியதாகக் காட்டும் பில் நம்முடையது அல்லவென்றால் நிராகரிக்கலாம், உண்டாக்கிய 24 மணி நேரத்துக்குள், வழியில் அதிகாரி எவரும் அதைச் சோதித்திராத பட்சத்தில், ரத்தும் செய்யலாம். இவற்றுள் கடைசிக் காரியத்தைச் சற்றே நிதானித்துப் பாருங்கள். எண்ணிக்கை தவறாகப் பதிவாகிவிட்டது, வண்டி வரவே இல்லை, தேதி பிசகிவிட்டது என்று எத்தனையோ நேர்மையான காரணங்கள் ரத்துக்கு உண்டு. ஆனால் ஓசூரிலிருந்து பொம்மசந்திராவுக்கு வண்டி போய்ச் சேர ஒரு மணி நேரம் போதும். சரக்கு இறங்கிய பிறகு, இன்னும் இருபத்து மூன்று மணி நேரம் கையில் இருக்கும்போது, ஒருவர் அந்த பட்டனைத் தொட்டாரானால், நானூறு ஷாஃப்ட் தொழிற்சாலையை விட்டு வெளியே போகவே இல்லை என்று பதிவேடு சாதிக்கும். சரக்கு அங்கே இருக்கும், கணக்கு இங்கே இருக்கும், இரண்டுக்கும் சம்பந்தம் அறுந்திருக்கும்.

பில்லை உண்டாக்கியவரே ரத்து செய்யலாம் என்று சட்டம் சொல்வது இந்த இடத்தில் நமக்குப் போதுமானதன்று. ஏனெனில் சட்டத்தின் பார்வையில் ஒரு ஜி.எஸ்.டி. பதிவு எண்ணுக்கு உரிய நிறுவனம் முழுவதும் ஒரே ஆள். அந்த ஒரே ஆளுக்குள் முதலாளியும், கணக்காளரும், மூன்று ஷிஃப்டின் டிஸ்பாட்ச் கிளார்க்குகளும், கேட்டில் நிற்கிற காவலரும் அடங்கியிருக்கிறார்கள். அவர்களுள் யார் விரலுக்கு எந்த பட்டன் என்று பிரித்துக் கொடுப்பது நிறுவனத்தின் சொந்தப் பொறுப்பு. இ-வே பில் தளத்தை அமைத்த தேசியத் தகவலியல் மையம் இதை உணர்ந்தே, முதன்மை யூசர் தமக்குக் கீழே துணை யூசர்களை உண்டாக்கி, இவர் பில் போடலாம், இவர் நிராகரிக்கலாம் என்பது போலத் தனித்தனியே அதிகாரம் வழங்குகிற ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறது.

யார், எதை, எந்த நிலையில்

இனி முதல் இரண்டு கேள்விகளுக்கு வருவோம். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே வரும்போது நடப்பது அடையாளச் சோதனை. நீர் இன்னார் என்பதை மட்டும் அது நிச்சயிக்கிறது. உள்ளே வந்த பிறகு, இன்னாராகிய நீர் இந்தக் காரியத்தைச் செய்யலாமா என்று கேட்பது அதிகாரச் சோதனை. இரண்டும் வெவ்வேறு. அடையாளச் சோதனை நாளுக்கு ஒரு முறையோ, ஷிஃப்டுக்கு ஒரு முறையோ நடந்தால் போதும். அதிகாரச் சோதனையோ ஒவ்வொரு காரியத்துக்கும் புதிதாக நடந்தாக வேண்டும். பாஸ்வேர்டு பலமாக இருக்கிறது, ஆகவே மென்பொருள் பத்திரமாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றென எண்ணுகிறவர்களே.

அதிகாரச் சோதனைக்கு ஒரு ஏடு வேண்டும் அல்லவா? அமெரிக்கக் கணினி அறிஞர் பட்லர் லாம்ப்சன் 1971-இல் அதை ஒரு கட்டமாகக் கற்பனை செய்தார். வரிசைதோறும் ஓர் ஆள். பத்திதோறும் ஒரு பொருள். இரண்டும் சந்திக்கிற கட்டத்தில், அந்த ஆள் அந்தப் பொருளின்மீது என்ன செய்யலாம் என்ற குறிப்பு. நம்முடைய டிஸ்பாட்ச் மேஜைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், இரவு ஷிஃப்ட் கிளார்க்கின் வரிசையில் இ-வே பில் என்ற பத்தியின் கீழே ‘உண்டாக்கு, வண்டி எண் புதுப்பி’ என்று எழுதியிருக்கும். கணக்காளரின் வரிசையில் ‘பார், ரத்து செய்’ என்று எழுதியிருக்கும். காவலரின் வரிசையில் ‘பார்’ என்பது மட்டும் இருக்கும். திரை பட்டன்களை வரைவதற்கு முன்னால் இந்த வரிசையைப் படித்துவிட்டே வரைகிறது. ஆள் மாறினால் வரிசை மாறுகிறது. வரிசை மாறினால் காட்சி மாறுகிறது. முதலில் நம்மை வியக்க வைத்தது இவ்வளவுதான்.

ஆனால் நம்முடைய உதாரணத்தில் இன்னொரு பரிமாணம் ஒளிந்திருக்கிறது. ரத்து செய்யும் அதிகாரம் உள்ள கணக்காளர்கூட 25-ஆவது மணி நேரத்தில் ரத்து செய்ய முடியாது. வழியில் அதிகாரி பார்த்துவிட்ட பில்லை எந்த நேரத்திலும் ரத்து செய்ய முடியாது. ஆகவே அதிகாரம் என்பது ஆளை மட்டும் பொறுத்ததாக இல்லை. பில் அப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. யார், எதை, எந்த நிலையில் என்ற மூன்றும் ஒரே சமயத்தில் ஒத்துவந்தால்தான் பட்டன் உயிர்பெற வேண்டும்.

ஆளுக்கா, பொறுப்புக்கா?

முப்பது பேர் வேலை செய்கிற ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் நாற்பது விதமான காரியங்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், லாம்ப்சனின் கட்டத்தில் 1,200 அறைகளை நிரப்ப வேண்டும். ஒருவர் வேலையை விட்டால் நாற்பது அறை அழிக்க வேண்டும். புதியவர் வந்தால் நாற்பது அறை எழுத வேண்டும். இந்தச் சிரமத்துக்கு அஞ்சித்தான் சிறு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதித் தருகிறவர்கள் சிலர், யூசர் பெயர் இன்னதாயிருந்தால் ரத்து பட்டனைக் காட்டு என்று ஆளின் பெயரை நிரலுக்குள்ளேயே பொறித்துவிடுகிறார்கள். அந்த ஆள் மூன்று மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் நிரலையே திறந்து திருத்த வேண்டும். திருத்துகிறவரும் அதற்குள் பெங்களூரில் வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்கு ஒரு நேர்த்தியான பரிகாரத்தை டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்டு கூனும் 1992-இல் முறைப்படுத்தி எழுதினார்கள். இந்தியாவில் படித்து அமெரிக்கா சென்ற ரவி சந்து என்னும் அறிஞரும் அவருடைய சகாக்களும் 1996-இல் அதை விரிவுபடுத்தினார்கள். 2004-இல் அது அமெரிக்கத் தேசியத் தரநிர்ணயமாகவே ஆயிற்று. அதிகாரத்தை ஆளுக்குக் கொடாமல் பொறுப்புக்குக் கொடுப்பதே அந்தப் பரிகாரம். ‘டிஸ்பாட்ச்’, ‘கணக்கு’, ‘ஸ்டோர்ஸ்’, ‘கேட்’, ‘நிர்வாகம்’ என்று ஐந்து பொறுப்புகளை ஏற்படுத்தி, நாற்பது காரியங்களுள் எது எதற்கு என்று ஒரு முறை எழுதினால் 200 அறைகளோடு வேலை முடிந்தது. அதன் பிறகு முப்பது பேருக்கும் ஆளுக்கொரு பொறுப்பைச் சூட்டினால் மொத்தம் 230 குறிப்புகள். டிஸ்பாட்சுக்குப் புதியவர் வந்தால் ஒரே ஒரு குறிப்பு எழுதினால் போதும். ஒப்பந்தத் தொழிலாளர் மாதந்தோறும் மாறிக்கொண்டிருக்கிற ஓசூர் போன்ற ஊருக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

பொறுப்புகளைப் பிரிக்கிறபோது ஒன்றைக் கவனிக்க வேண்டும். டேவிட் கிளார்க், டேவிட் வில்சன் என்ற இருவர் 1987-இல் ஒரு கட்டுரையில், ராணுவத்தின் கவலையும் வியாபாரியின் கவலையும் வெவ்வேறு என்று தெளிவாக எடுத்துக் காட்டினார்கள். ராணுவம் ரகசியம் வெளியே போய்விடக்கூடாதே என்று அஞ்சுகிறது. வியாபாரியோ கணக்கு தவறாக மாறிவிடக்கூடாதே என்று அஞ்சுகிறார். கணக்கைக் காப்பதற்கு வியாபார உலகம் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வந்த உபாயம், ஒரு காரியத்தின் தொடக்கமும் முடிவும் ஒரே கையில் சேராதபடி பார்த்துக்கொள்வது. பில்லை உண்டாக்குகிறவர் ரத்து செய்யக்கூடாது. ரத்து செய்கிறவர் உண்டாக்கக்கூடாது. ஒரே கணக்காளர் எல்லாவற்றையும் பார்க்கிற ஐந்து பேர் கொண்ட தொழிற்கூடத்தில் இது முடியாதே என்றால், அங்கே ரத்து ஒன்றை மட்டுமாவது முதலாளி தம்மிடம் வைத்துக்கொள்ளட்டும் என்பது என் அபிப்பிராயம். நாற்பது காரியங்களில் முப்பத்தொன்பதைத் தாராளமாக விட்டுக்கொடுத்துவிட்டு, அழிக்கிற ஒன்றைக் கையில் வைத்திருப்பதால் வேலை தடைப்படாது.

மறைத்தால் போதுமா?

இப்போது மூன்றாவது கேள்வி. கிளார்க்கின் திரையில் ரத்து பட்டன் இல்லை. அவரால் ரத்து செய்ய முடியாது என்று சொல்லிவிடலாமா?

பட்டனை அழுத்தும்போது நடப்பதை அருகே சென்று பார்ப்போம். திரையில் தெரிகிற பக்கம் கிளார்க்கின் எதிரே உள்ள கம்ப்யூட்டரில் வரையப்பட்டது. பில்கள் அடங்கிய பதிவேடோ வேறெங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. பட்டன் அழுத்தப்பட்டதும், இங்கிருந்து அங்கே ஒரு சிறு செய்தி போகிறது. காரியம்: ரத்து. பில் எண்: இன்னது. காரணம்: இன்னது. அதனோடு கூடவே, லாகின் செய்தபோது சர்வர் கொடுத்தனுப்பிய, யூகிக்க முடியாத நீளமான எழுத்துக்கோவை ஒன்று. டோக்கன் என்று சொல்கிறார்களே, அது. பட்டனின் உத்தியோகம் அந்தச் செய்தியை எழுதி அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது. ரத்து என்ற காரியம் நடப்பது சர்வரில்தான்.

பட்டன் இல்லாவிட்டால் செய்தியை எழுத முடியாதா? தாராளமாக முடியும். பெரும்பாலான பிரௌசர்களில் F12 என்ற விசையை அழுத்தினால் பக்கத்தின் உட்கூறுகள் அனைத்தும் எழுத்து வடிவில் விரியும். மங்கலாக்கி வைத்த பட்டனில் அதை மங்கலாக்கிய ஒரே ஒரு சொல்லை அழித்துவிட்டால் பட்டன் உயிர்பெற்றுவிடும். பட்டனே இல்லையென்றாலும், அந்தச் செய்தியின் வடிவம் தெரிந்த ஒருவர் தம் சொந்த டோக்கனோடு அதைக் கையாலேயே எழுதி அனுப்பலாம். கிளார்க்கின் கம்ப்யூட்டர் கிளார்க்கின் வசத்தில் இருக்கிறது. ஆகவே அங்கே நாம் வைக்கிற எந்தத் தடையும் அவருடைய சம்மதத்தின் பேரில் நிற்கிற தடையே.

ஓசூரில் வசிக்கிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கர்நாடகத்துக்குப் போகிற பெருஞ்சாலையில் ஊர்ப்பெயர் எழுதிய பலகையைப் பிடுங்கிவிட்டால் வெளியூர்க்காரர் வழி தெரியாமல் திகைப்பார். சாலை என்னவோ அங்கேயேதான் இருக்கும். பட்டனை மறைப்பது பலகையைப் பிடுங்குவது. வண்டியைத் தடுக்க வேண்டுமானால் எல்லைக்கோட்டில் ஆள் நின்று தாளைக் கேட்க வேண்டும். அதுவும் பெருஞ்சாலையில் மட்டும் நின்றால் போதாது, பாகலூர்ப் பக்கமாகவும் தளிப் பக்கமாகவும் போகிற சாலைகளிலும் நிற்க வேண்டும்.

ஆகையால் செய்தி வந்து சேர்ந்ததும் சர்வர் தானே முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். இந்த டோக்கன் யாருடையது? அவர் இன்றைக்கு எந்தப் பொறுப்பில் இருக்கிறார்? அந்தப் பொறுப்புக்கு ரத்து அதிகாரம் உண்டா? அவர் குறிப்பிடுகிற பில் அவருடைய யூனிட்டைச் சேர்ந்ததா? 24 மணி நேரம் ஆகவில்லையே? அதிகாரி பார்த்துவிடவில்லையே? இத்தனைக்கும் ஏற்ற விடை கிடைத்தால் மட்டும் ரத்து செய்து, இன்னார் இன்ன நேரத்தில் செய்தார் என்று குறித்துவைக்க வேண்டும். இவற்றுள் நான்காவது கேள்விதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. ரத்து அதிகாரம் உள்ள ஒருவர், தம் செய்தியில் பில் எண்ணின் கடைசி இலக்கத்தை மாற்றி அனுப்பினால், அடுத்த யூனிட்டின் பில்லே ரத்தாகிவிடும் நிலைமை அதனால் ஏற்படுகிறது. திரையில் அவருக்கு அந்தப் பில் காட்டப்படவே இல்லை என்பது சமாதானம் ஆகாது.

ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற எம்.ஐ.டி. அறிஞர்கள் 1975-இல் எழுதிய ஒரு நீண்ட கட்டுரையில் இதையே ஒரு தத்துவமாக நிறுவினார்கள்: ஒவ்வொரு பொருளையும் தொடுகிற ஒவ்வொரு முயற்சியும், விதிவிலக்கின்றி, சோதிக்கப்பட வேண்டும். அவர்கள் சொன்ன இன்னொன்றும் நமக்குப் பயன்படுவது. அனுமதி எழுதப்பட்டிருந்தால் மட்டும் செய்யலாம். எதுவும் எழுதப்படாத இடத்தில் ‘கூடாது’ என்பதே பொருள். புதிதாக ஒரு காரியத்தை மென்பொருளில் சேர்த்த நிரலாளர், யாருக்கு அந்த அதிகாரம் என்று எழுத மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘எழுதாததெல்லாம் கூடாது’ என்ற ஏற்பாட்டில், ஒருவராலும் அந்த பட்டனை உபயோகிக்க முடியாது. அரை மணி நேரத்தில் யாராவது போன் செய்து புகார் சொல்வார்கள், பிழை திருத்தப்படும். ‘தடுக்காததெல்லாம் கூடும்’ என்ற ஏற்பாட்டில் எல்லோரும் உபயோகிக்கலாம். ஒருவரும் புகார் சொல்லமாட்டார்கள்.

மற்ற வழிகள்

எல்லா வழியிலும் சோதனை வேண்டும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. பாஸ்வேர்டு என்ற ஏற்பாட்டையே கம்ப்யூட்டரில் முதன்முதலாகக் கையாண்ட இயந்திரங்களுள் ஒன்று, ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் தலைமையில் எம்.ஐ.டி.யில் 1961-இல் இயக்கிக் காட்டப்பட்டது. அதில் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நேரம்தான் என்று அளவு வைத்திருந்தார்கள். அந்த நேரம் தம் ஆராய்ச்சிக்குப் போதாமற்போன ஆலன் ஷெர் என்னும் மாணவர், மறு வருஷம், திரையையோ லாகினையோ அணுகாமல், கோப்புகளை அச்சடித்துக் கொடுக்கிற பிரிவுக்கு ஒரு துளையட்டையில் பாஸ்வேர்டு கோப்பின் பெயரை எழுதிப் போட்டார். அச்சுப்பிரதி வந்து சேர்ந்தது; எல்லோருடைய பாஸ்வேர்டும் அதில் இருந்தது. முன்வாசலில் சோதனை இருந்தது; அச்சுக்கூடத்தின் வழியில் இல்லை.

இ-வே பில்லுக்கும் ஆரம்பம் முதலே பல வழிகள் உண்டு: இணையப் பக்கம், கைப்பேசிச் செயலி, எஸ்.எம்.எஸ்., மொத்தமாகப் பதிவேற்றுகிற கோப்பு, நிறுவனத்தின் சொந்த மென்பொருளிலிருந்து நேரே போகிற இணைப்பு. ஒரு திரையிலுள்ள பட்டனை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தால் மற்ற நான்கும் திறந்து கிடக்கும். 2018 பிப்ரவரியில் வெளிப்பட்ட பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியை இங்கே நினைத்துக்கொள்வது பொருந்தும். மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து வெளிநாட்டு வங்கிகளுக்கு உத்தரவாதச் செய்திகள் ஸ்விஃப்ட் என்னும் அமைப்பின் வழியே போயின. வங்கியின் மையக் கணக்கு மென்பொருளில் அவை பதிவாகவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று இணைக்கப்படாமல் இருந்ததே அதற்கு இடம் கொடுத்தது. கணக்கு மென்பொருளில் எத்தனை பட்டனை எத்தனை பேருக்கு மறைத்திருந்தாலும் அந்தச் செய்திகள் போயிருக்கும். தொகை 11,000 கோடி ரூபாய்க்கும் மேல் என்று அப்போது சொல்லப்பட்டது.

இது ஏதோ அபூர்வமான குற்றம் என்று எண்ண வேண்டாம். இணைய மென்பொருளின் குறைகளை ஆராய்ந்து வரிசைப்படுத்துகிற ஓவாஸ்ப் என்னும் சர்வதேச அமைப்பு, 2017-ஆம் ஆண்டுப் பட்டியலில் ஐந்தாம் இடத்தில் வைத்திருந்த ‘முறிந்த அதிகாரச் சோதனை’ என்ற குறையை, 2021-ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடத்துக்கு உயர்த்தியது.

அப்படியானால் பட்டனை மறைப்பதே வீணா?

வீணல்ல. சர்வர் காவல் காக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் எல்லா பட்டனையும் காட்டிவிட்டு, அழுத்திய பிறகு ‘உமக்கு அதிகாரம் இல்லை’ என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்வது மரியாதையும் அல்ல, வேலைக்கு உதவியும் அல்ல. நிராகரிக்கும் உத்தியோகம் சர்வருடையது. வழிகாட்டும் உத்தியோகம் திரையுடையது. என் அனுபவத்தில் சரியென்று படுகிற முறை இது: ஒருவருடைய வேலைக்குச் சிறிதும் சம்பந்தமில்லாத பட்டனை அடியோடு மறைத்துவிடலாம், கேட் காவலருக்குச் சம்பளப் பட்டியல் எதற்கு? ஆனால், அவருடைய வேலையின் ஓர் அங்கமாக இருந்து, இப்போது மட்டும் அல்லது அவருக்கு மட்டும் அனுமதி இல்லாத பட்டனை மங்கலாகக் காட்டி, காரணத்தையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். ‘24 மணி நேரம் கடந்துவிட்டது’, ‘கணக்குப் பிரிவில் கேட்கவும்’ என்ற நான்கு சொல் போதும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஹிந்தியும் ஒரே ஷெட்டில் பேசப்படுகிற ஊரில், நடுநிசியில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு பட்டன் எங்கே போயிற்று என்று தேடுகிறவருக்கு அந்த நான்கு சொல் எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை, அந்த மேஜையில் ஓர் இரவு உட்கார்ந்தவர்கள் அறிவார்கள்.

மூன்று ஷிஃப்டுக்கு ஒரே பாஸ்வேர்டு

கட்டம் எழுதியாயிற்று, பொறுப்பு பிரித்தாயிற்று, சர்வர் விழிப்பாக இருக்கிறது. இவ்வளவையும் ஒரே நொடியில் பாழாக்குகிற பழக்கம் ஒன்று இந்த வட்டாரத்து அலுவலகங்களில் சர்வசாதாரணமாக இருக்கிறது. முதலாளியின் லாகினும் பாஸ்வேர்டும் ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும். மூன்று ஷிஃப்டும் அதையே உபயோகிக்கும். சர்வரைக் குறை சொல்லிப் பயனில்லை; அதனிடம் வந்து நிற்பவர் எப்போதும் முதலாளியே. முதலாளிக்கு எல்லா பட்டனும் உண்டு.

இப்படிச் செய்கிறவர்களை நான் சோம்பேறிகள் என்று சொல்லத் துணியமாட்டேன். இரவு இரண்டு மணிக்கு வண்டி நிற்கிறது, லாகின் உள்ளவர் வீட்டில் தூங்குகிறார், சரக்கு காலை ஷிஃப்டுக்குள் போய்ச் சேர வேண்டும் என்ற நெருக்கடி வந்தால் எவரும் அதைத்தான் செய்வார். ஆகவே கண்டிப்பதைக் காட்டிலும் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் உரிய ஆளுக்கு, அவர் வேலைக்கு வேண்டிய அளவு அதிகாரத்தை முன்கூட்டியே அவர் பெயரில் கொடுத்துவைப்பதே விவேகம். 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் தளத்தில் வரி செலுத்துவோர் அனைவருக்கும் ஓடிபியோடு கூடிய இரட்டைச் சோதனை கட்டாயமாகிவிட்டதால், இரவல் லாகினில் வேலை செய்கிற கிளார்க் ஒவ்வொரு முறையும் முதலாளியை எழுப்பி எண் கேட்க வேண்டியிருக்கிறது. துணை யூசராகப் பதிவானவருக்கோ அவரவர் கைப்பேசிக்கே ஓடிபி போகிறது. பாதுகாப்பும் சௌகரியமும் ஒரே பக்கம் சேர்ந்து நிற்கிற அரிய சந்தர்ப்பம் இது.

பெயர் தனித்தனியாக இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 ஏப்ரல் 1-ஆம் தேதியிலிருந்து, கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான நிறுவனங்கள் உபயோகிக்கிற கணக்கு மென்பொருள், ஒவ்வொரு திருத்தத்தையும் அது செய்யப்பட்ட தேதியோடு குறித்துவைக்கிற, நிறுத்திவைக்க முடியாத ஒரு திருத்தப் பதிவேட்டைக் கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. நானூறு ஷாஃப்டுக்கான பில் ரத்தானது யாரால் என்று தணிக்கையாளர் ஆறு மாதம் கழித்துக் கேட்கிறார். பதிவேட்டில் ‘அட்மின்’ என்று இருக்கிறது. மூன்று ஷிஃப்டிலும் அட்மினாக உட்கார்ந்தவர் பன்னிரண்டு பேர். தவறு செய்தவர் தப்பித்துக்கொள்வது ஒரு பக்கம் இருக்கட்டும். தவறு செய்யாத பதினொருவரும் தம்மை நிரூபிக்க வழியின்றி நிற்பார்கள். தனி லாகின் என்பது தொழிலாளியின்மீது வைக்கிற சந்தேகம் என்று நினைக்கிற நண்பர்கள் இந்தப் பதினொருவரை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த அத்தியாயத்தை வாசிக்கிறவர் மென்பொருள் எழுதுகிறவராயிருந்தால், நாளைக்குத் தாம் எழுதிய ஒரு திரையில், அதிகாரம் இல்லாத யூசராக லாகின் செய்து, மறைந்திருக்கும் பட்டனின் செய்தியைக் கையால் எழுதிச் சர்வருக்கு அனுப்பிப் பார்க்கட்டும். தொழிற்கூடம் நடத்துகிறவராயிருந்தால், மானிட்டர் ஓரத்துச் சீட்டைக் கிழித்துவிட்டு, அந்த மேஜையில் உட்காருகிற ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, பில் போடுகிறவர் யார், ரத்து செய்கிறவர் யார் என்று எதிரே குறிக்கட்டும்; வேலையை விட்டுப் போனவர்களின் பெயரையும் மறவாமல் சேர்த்துக்கொள்ளட்டும். இ-வே பில் தளத்தில் துணை யூசரை உண்டாக்கவும், அவருடைய அதிகாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யவும், விலகினவரை அன்றைக்கே முடக்கிவைக்கவும் வசதி இருக்கிறது. அதற்குக் கட்டணம் ஏதும் கிடையாது.